மெலீயில் பிளாட்ஃபார்ம் ஓரத்திலிருந்து தாக்குவது எப்படி: எட்ஜ் கேன்சல் முழு வழிகாட்டி

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ என்ற சண்டை வீடியோ கேம் 2001-இல் நிண்டெண்டோ கேம்கியூபுக்கு வந்தது. அதில் புதிதாக இறங்குபவர்கள் பிளாட்ஃபார்மை, அதாவது மேடைக்கு மேலே இருக்கும் மெல்லிய தளத்தை, தப்பித்து ஏறி நிற்கும் இடமாகவே பார்க்கிறார்கள். உண்மையில் அதன் ஓரம்தான் ஆட்டத்திலேயே வேகமான தாக்குதல்கள் பிறக்கும் இடம். இந்த வழிகாட்டி அந்த ஓரத்தைப் பற்றியது மட்டுமே: எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் பார்த்து இறங்க வேண்டும், வழுக்கி விழுந்ததும் என்ன செய்யலாம், எதனால் சொதப்புகிறது. எல்-கேன்சலும் (தரை தொடும் முன் பட்டன் அழுத்தி, இறங்கியபின் வரும் தாமதத்தைப் பாதியாக்குவது) வேவ்டேஷும் (ஏர்டாட்ஜ் என்ற விலகும் அசைவால் தரையில் வழுக்குவது) ஓரளவு கைக்கு வந்தவர்களுக்காக எழுதப்பட்டது.

ஓரம் ஏன் வேலை செய்கிறது

ஆட்டம் ஒரு நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது படச்சட்டம், ஓடுகிறது. காற்றில் ஒரு அடியைப் போட்டுக்கொண்டே தரையிறங்கினால், அந்த அடிக்கென்று ஒரு லேண்டிங் லேக், அதாவது எதுவும் செய்ய முடியாத தாமதம், உண்டு. ஃபாக்ஸ் என்ற கேரக்டரின் நியூட்ரல் ஏருக்கு (ஸ்டிக்கைச் சாய்க்காமல் போடும் காற்றடி) அது 15 ஃபிரேம், எல்-கேன்சல் செய்தால் 7. டவுன் ஏருக்கு (கீழ்நோக்கிய காற்றடி) 18, கேன்சல் செய்தால் 9. கேனன்டார்ஃபின் டவுன் ஏர் 35 ஃபிரேம் தண்டனை கொடுக்கும், கேன்சலுக்குப் பிறகும் 17 மிஞ்சும். காற்றில் ஏர்டாட்ஜ் போட்டு இறங்கும் வேவ்லேண்டுக்கு எல்லாக் கேரக்டருக்கும் ஒரே கணக்கு, 10 ஃபிரேம்.

இந்த லேக் எல்லாமே தரையில் நிற்கும் நிலைக்குச் சொந்தமானது. கால் தரையில் இருக்கும்வரைதான் அது எண்ணப்படும். லேக் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேரக்டர் வழுக்கி ஓரத்தைத் தாண்டிவிட்டால், ஆட்டம் அவரைச் சாதாரணமாக விழும் நிலைக்கு மாற்றிவிடுகிறது. மிச்சமிருந்த லேக் அப்படியே காணாமல் போகும். அடுத்த ஃபிரேமே அடிக்கலாம், குதிக்கலாம், ஏர்டாட்ஜ் போடலாம். இதுதான் எட்ஜ் கேன்சல்.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு லாபம் இருக்கிறது. ஒரே ஒரு ஃபிரேம் தரையைத் தொட்டாலும் இரட்டைக் குதி திரும்பக் கிடைத்துவிடும். அதாவது இரட்டைக் குதியைச் செலவழித்துப் பிளாட்ஃபார்ம் ஏறி, ஓரத்தில் தொட்டு வழுக்கினால், கையில் மறுபடி ஒரு குதி இருக்கிறது. எதிராளி நீங்கள் குதியைச் செலவழித்துவிட்டீர்கள் என்று எண்ணி முன்னே வரும் நேரம் அது. மிச்சப்படும் சில ஃபிரேம்களைவிட இந்தக் குதிதான் பல ஆட்டங்களில் பெரிய சொத்து.

எங்கே இறங்குவது என்பதே முதல் பாடம்

விரல் வேகத்தைப் பற்றிக் கவலைப்படும் முன் இறங்கும் புள்ளியைப் பழகுங்கள். திரையில் தெரியும் கால், கை, வால் எதுவும் கணக்கில் இல்லை. கேரக்டரின் அடியில் ஒற்றைப் புள்ளி ஒன்று இருக்கிறது. அந்தப் புள்ளி பிளாட்ஃபார்மின் மேல் இருக்கிறதா, தாண்டிவிட்டதா என்பதை மட்டும்தான் ஆட்டம் பார்க்கிறது. ஃபாக்ஸின் ஒரு ஷூ முழுக்க வெளியே தொங்கினாலும் அவர் இன்னும் பிளாட்ஃபார்மில்தான் நிற்கிறார்.

இறங்கிய கணத்தில் இருக்கும் கிடைவேகம் அப்படியே தொடரும். அதை ஒவ்வொரு ஃபிரேமும் உராய்வு குறைத்துக்கொண்டே வரும். லேக்கில் இருக்கும்போது ஸ்டிக்கைத் தள்ளினாலும் வேகம் கூடாது. அதனால் வழுக்கும் தூரம் முழுக்கக் காற்றில் இருக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. ஃபாக்ஸின் அதிகபட்சக் காற்று வேகம் 0.83, உராய்வு 0.08. முழு வேகத்தில் ஓரத்தை நோக்கி நகர்ந்தபடி நியூட்ரல் ஏரோடு இறங்கினால், முதல் 3 ஃபிரேமில் சுமார் 2 அலகு தூரம் போவார். எல்-கேன்சலின் 7 ஃபிரேமும் முடியும்போது சுமார் மூன்றரை அலகு. ஆக, ஓரத்திலிருந்து 2 அலகுக்குள் இறங்கினால் நல்ல லாபம், நான்கைத் தாண்டினால் எட்ஜ் கேன்சலே இல்லை. ஃபாக்ஸின் உடல் அகலத்தைவிடச் சின்ன இடைவெளி இது. அடியோடு எட்ஜ் கேன்சல் செய்வது ஏன் கடினம் என்பதற்கும், வேவ்லேண்டில் ஏன் எளிது என்பதற்கும் காரணம் இந்தக் கணக்குதான்.

லுயீஜியின் உராய்வு 0.025 மட்டுமே, அவர் பனியில் போவதுபோல் வழுக்குவார். பீச்சுக்கு 0.1, சட்டென்று நின்றுவிடுவார். ஒரு கேரக்டரில் பழகிய தூரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வேவ்லேண்டில் வழுக்கி அடிப்பது

இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஏர்டாட்ஜின் தொடக்க வேகம் 3.1, எல்லாக் கேரக்டருக்கும் ஒன்றே. காற்றில் மிதக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம், அதனால் இறங்கும் புள்ளியில் சற்றுப் பிசகினாலும் ஓரம் எட்டிவிடும். பேட்டில்ஃபீல்டின் இடது பிளாட்ஃபார்மை வைத்து ஃபாக்ஸுக்கான படிகள்:

1. இடது பிளாட்ஃபார்மின் கீழே, அதன் உள் ஓரத்துக்குச் சற்று இடப்பக்கமாக, இடது பக்கம் பார்த்து நில்லுங்கள். எதிராளி மேடையின் நடுவில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதுகு அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

2. எக்ஸ் அல்லது ஒய் பட்டனை அழுத்திப் பிடித்து முழுக் குதி குதியுங்கள். ஃபாக்ஸின் குதி 3 ஃபிரேம் குனிந்த பிறகே கிளம்பும். ஃபால்கோவுக்கு 5, மார்த்துக்கு 4.

3. பாதம் பிளாட்ஃபார்ம் கோட்டைத் தாண்டும் அந்தக் கணத்தில் ஸ்டிக்கை வலப்பக்கம் சற்றுக் கீழாகச் சாய்த்து எல் அல்லது ஆர் அழுத்துங்கள். கிடைக்கோட்டிலிருந்து சுமார் 17 டிகிரிதான் இந்த ஆட்டம் ஏற்கும் மிகத் தட்டையான கீழ்ச்சாய்வு. அதை நெருங்க நெருங்க வழுக்கும் தூரம் கூடும்.

4. இறங்கியவுடன் ஸ்டிக்கை நடுவுக்கு விடுங்கள்.

5. ஓரத்தைத் தாண்டியதும் சி-ஸ்டிக்கை (வலது சிறு ஸ்டிக்) வலப்பக்கம் தட்டிப் பேக் ஏர் (முதுகுப் பக்கக் காற்றடி), பிறகு ஃபாஸ்ட் ஃபால் (வேகமாக விழுதல்), எல்-கேன்சல், ஷைன் (ஃபாக்ஸின் கீழ் ஸ்பெஷல்).

பிளாட்ஃபார்மின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இறங்கினால் 4 அல்லது 5 ஃபிரேமில் வெளியே வந்துவிடுவீர்கள். 10 ஃபிரேமுக்குள் வராவிட்டால் லேக் முடிந்து சாதாரணமாக நிற்பீர்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் எதிராளிக்கு யோசிக்க நேரம் கொடுத்தாயிற்று.

நான்காம் படியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஃபாஸ்ட் ஃபாலுக்கு ஸ்டிக் புதிதாகக் கீழே தட்டப்பட வேண்டும். வேவ்லேண்டுக்காகக் கீழே சாய்த்த ஸ்டிக்கை அப்படியே பிடித்திருந்தால் விழும்போது ஃபாஸ்ட் ஃபால் வராது. அடி மெதுவாக இறங்கும், ஷீல்டு போட்டவர் பிடித்துத் தூக்கிவிடுவார். “நான் எல்லாம் சரியாகச் செய்தும் வேகமாக விழவில்லை” என்று சொல்பவர்களின் ரீபிளேயைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சொதப்பல்கள் இரண்டு வகை. ஏர்டாட்ஜ் சீக்கிரம் வந்தால் பாதம் இன்னும் பிளாட்ஃபார்முக்குக் கீழே இருக்கும், கேரக்டர் சாய்வாகக் கீழ்நோக்கிப் போய்விடுவார். தாமதமானால் உயரத்தில் ஏர்டாட்ஜ் தீர்ந்துபோய், மெலீயின் விதிப்படி தரை தொடும்வரை எதுவும் செய்ய முடியாத நிலையில் விழுவார். இரண்டில் தாமதமே மோசம். பழகும்போது சீக்கிரம் அழுத்திச் சொதப்பும் பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளி வாருங்கள்.

எந்தப் பக்கம் பார்த்து வழுக்குகிறீர்கள் என்பது அடியைத் தீர்மானிக்கிறது. ஏர்டாட்ஜ் முகத்தைத் திருப்பாது. முதுகு காட்டி வழுக்கினால் பேக் ஏர், முகம் காட்டி வழுக்கினால் நியூட்ரல் ஏர் அல்லது ஃபார்வர்டு ஏர். முகம் வெளியே பார்த்திருக்கும்போது ஒரு கூடுதல் ஆபத்து உண்டு: வேகம் குறைந்து, லேக் முடிந்த பிறகு ஓரத்தை அடைந்தால் கேரக்டர் கைகளை வீசித் தடுமாறி நின்றுவிடுவார். முதுகுப் பக்கத்தில் அந்தத் தடுமாற்றம் இல்லை. தொடக்கத்தில் முதுகு காட்டிப் பழகச் சொல்வது அதனால்தான்.

அடியோடு ஓரத்தில் இறங்குவது

இங்கே ஏர்டாட்ஜ் இல்லை. ஒரு அடியைப் போட்டுக்கொண்டே பிளாட்ஃபார்ம் ஓரத்தில் இறங்கி, வழுக்கி, அடுத்த அடி. ஃபாக்ஸ், ஃபால்கோ, கேப்டன் ஃபால்கன் ஆடுபவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். எட்ஜ் கேன்சல் செய்யப்போகிறோம், எல்-கேன்சல் எதற்கு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். எப்போதும் எல்-கேன்சல் செய்யுங்கள். ஓரம் கிடைக்காவிட்டால் ஃபாக்ஸின் நியூட்ரல் ஏரில் நீங்கள் இழப்பது 7 ஃபிரேம், செய்யாமல் விட்டால் 15. எல், ஆர், இசட் மூன்றில் எதையும் தரையைத் தொடும் முன்னுள்ள 7 ஃபிரேமுக்குள் அழுத்தலாம். இசட்டை அழுத்தினால் ஒரு நன்மை உண்டு: அது டெக் செய்யும் (அடிவாங்கி விழும்போது பட்டன் அழுத்தி உடனே எழும்) வாய்ப்பைப் பூட்டாது. எல், ஆரை முழுக்க அழுத்திய பிறகு 40 ஃபிரேமுக்குள் அடிவாங்கி விழுந்தால் மறுபடி அழுத்தி டெக் எடுக்க முடியாமல் போகலாம்.

அடி ஷீல்டிலோ உடம்பிலோ பட்டால் இரண்டு பேரும் சில ஃபிரேம் உறைவார்கள். கிடைவேகம் அழியாது, ஆனால் தரை தொடும் நேரம் தள்ளிப்போகும். வெறும் காற்றில் பழகிய எல்-கேன்சல் நேரம் அங்கே பொருந்தாது. எனவே பயிற்சியைப் பாதி வெறும் பிளாட்ஃபார்மிலும், பாதி ஷீல்டு போட்டு நிற்கும் எதிராளி மேலும் செய்யுங்கள்.

ஓடிவந்து குதித்தால் வேகம் கூடுதலாகக் கிடைக்கும். நின்ற இடத்தில் குதித்து நகர்வதைவிட இது ஓரத்தை எட்ட எளிது. பேட்டில்ஃபீல்டின் மேல் பிளாட்ஃபார்மிலிருந்து பக்கப் பிளாட்ஃபார்மின் வெளி ஓரத்துக்கு ஃபாக்ஸ் நியூட்ரல் ஏருடன் இறங்கி, வழுக்கி, இரட்டைக் குதியில் மறுபடி மேலே வந்து அடிப்பது நல்ல பயிற்சி. போட்டியில் அப்படியே வராவிட்டாலும் வேகத்தையும் தூரத்தையும் கைக்குப் புரிய வைக்கும்.

சில ஸ்பெஷல்களுக்கும் இது பொருந்தும். ஃபாக்ஸ் பக்கவாட்டில் பாயும் இல்யூஷன் ஓரத்தில் இறங்கி வழுக்கினால் லேக்கும் இல்லை, கையாலாகாத விழுதலும் இல்லை. திரும்பி வரும் வழியில் மேடைக்குப் பதில் பக்கப் பிளாட்ஃபார்மின் உள் ஓரத்தைக் குறிவைத்தால், காத்திருந்தவரின் அடி வெறும் காற்றில் போகும். ஷீக்கின் வானிஷ், மியூட்டூவின் டெலிபோர்ட், செல்டாவின் ஃபரோர்ஸ் விண்ட் மூன்றும் இதேபோல் கேன்சலாகும். ஆனால் தூரம் தவறினால் இவற்றின் லேக் நீளமானது, எதிராளி பக்கத்தில் இருக்கும்போது முயல்வது சூதாட்டம்.

எதிராளி பிளாட்ஃபார்மில் விழுந்தால்

ஓரம் உங்களுக்கு மட்டும் உதவுவதில்லை, எதிராளியின் வழிகளை அடைக்கவும் செய்கிறது. மெலீயில் டெக் உருளல் ஓரத்தைத் தாண்டாது, அங்கேயே நின்றுவிடும். ஒருவர் வெளி ஓரத்துக்கு அருகில் விழுந்து வெளிப்பக்கம் உருண்டால், விழுந்த இடத்திலேயே உருண்ட மாதிரி. ஆக நீங்கள் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டியதில்லை, ஓரம், உள்பக்கம் என்று இரண்டே.

எண்கள் எல்லாக் கேரக்டருக்கும் ஒன்றே. இருந்த இடத்தில் டெக் எழுவது 26 ஃபிரேம், உருள்வது 40. இரண்டிலும் முதல் 20 ஃபிரேம் அடி படாது. அப்படியென்றால் இருந்த இடத்தில் எழுபவரை அடிக்க 6 ஃபிரேம், உருள்பவரை அடிக்க 20. இங்கே பலர் அவசரப்பட்டு உடனே அப் ஏர் (மேல்நோக்கிய காற்றடி) போட்டு, அடி படாத ஃபிரேம்களில் வீணாக்குகிறார்கள். சரியான நிலை, பிளாட்ஃபார்முக்குக் கீழே, ஓரத்துக்குச் சற்று உள்ளே நின்று பார்ப்பது. ஓரத்திலேயே எழுந்தால் நேராகக் குதித்து அடி. உள்ளே உருண்டால் அவர் பாதி தூரம் போகும்போதே தெரிந்துவிடும், 20 ஃபிரேம் இருக்கிறது, கீழிருந்தே நகர்ந்து அடிக்கலாம். டெக் தவறினால் வேவ்லேண்டில் ஏறி அருகில் நில்லுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. அடிவாங்குபவரும் ஓரத்தைப் பயன்படுத்துவார். குறைந்த சேதச் சதவீதத்தில் பலவீனமான அடி பட்டால், அவர் சி-ஸ்டிக்கைக் கீழே பிடித்துப் பிளாட்ஃபார்மோடு ஒட்டிக்கொண்டு, அடியின் தள்ளலிலேயே வழுக்கி ஓரத்தைத் தாண்டிவிடலாம். அப்போது அவர் அடியின் தாக்கத்திலிருந்து உடனே விடுபடுகிறார், நீங்களோ இன்னும் அடியை முடிக்காமல் நிற்கிறீர்கள். ஓரத்துக்கு அருகில் இருப்பவரை ஓரம் நோக்கித் தள்ளும் லேசான அடிகளைத் தவிர்த்து, மேலே தூக்கும் அடியைத் தேர்ந்தெடுங்கள்.

மேடையின் ஓரம்

மேடை விளிம்பிலும் அதே தத்துவம்தான், கூடவே லெட்ஜ் என்ற பிடிமானம் வருகிறது. மெலீயில் ஒருவர் பிடித்திருந்தால் இன்னொருவர் பிடிக்க முடியாது. எதிராளி வெளியே இருக்கும்போது முதலில் போய்ப் பிடிப்பதற்கு வேவ்டேஷ் சிறந்த வழி. மேடையைப் பார்த்து, முதுகை விளிம்புக்குக் காட்டி நின்று, பின்னோக்கி வேவ்டேஷ் போட்டால் வழுக்கி விழுந்து தானாகப் பிடித்துக்கொள்வார். முகம் வெளியே பார்த்திருந்தால் பிடிக்காமல் கீழே போய்விடுவார். ஸ்டிக் கீழே சாய்ந்திருந்தாலும் பிடிக்காது, எனவே வழுக்கத் தொடங்கியதும் ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். புதியவர்கள் இங்கே உயிரைவிடக் காரணம் பெரும்பாலும் இந்தக் கீழ்ச்சாய்வுதான்.

பிடித்த பிறகு வருவது, லெட்ஜிலிருந்து வேவ்லேண்டில் மேடை ஏறும் லெட்ஜ்டேஷ். லெட்ஜைப் பிடித்ததிலிருந்து மொத்தம் 37 ஃபிரேம் அடி படாது, அதில் முதல் 7 பிடிக்கும் அசைவுக்கே போய்விடும். கையை விட்டாலும் மிச்சம் தொடரும். அந்த மிச்சத்துக்குள் மேடை ஏறி நின்றுவிட்டால், அடி படாத நிலையில் சில ஃபிரேம் நீங்கள் தாக்கலாம். வரிசை இது: ஸ்டிக்கை வெளிப்பக்கம் தட்டிக் கையை விடுங்கள், உடனே இரட்டைக் குதி, ஸ்டிக்கை உள்ளே, சற்றுக் கீழே கொண்டுவந்து, பாதம் மேடை மட்டத்தைத் தாண்டும்போது ஏர்டாட்ஜ்.

கையை விடும் முன்பே குதி பட்டன் பட்டுவிட்டால் லெட்ஜிலிருந்து நீளமான மேற்குதி வரும், எல்லாம் கெடும். ஏர்டாட்ஜ் சீக்கிரமானால் மேடைச் சுவரில் மோதி உயிர் போகும். தாமதமானால் மேடைமேல் மிதந்து இறங்குவீர்கள், அதற்குள் பாதுகாப்பு தீர்ந்திருக்கும். ஸ்டிக்கைக் கீழே தட்டிக் கையை விடுவதும் சாத்தியம், ஆனால் தெரியாமல் ஃபாஸ்ட் ஃபால் வந்துவிடும் என்பதால் வெளிப்பக்கம் தட்டுவதே எங்கள் பரிந்துரை.

எந்த மேடை எப்படி

பக்கப் பிளாட்ஃபார்ம் யோஷிஸ் ஸ்டோரியில் தாழ்வு, அடுத்து போகிமான் ஸ்டேடியம், பிறகு பேட்டில்ஃபீல்டு, எல்லாவற்றிலும் உயரம் டிரீம் லேண்ட். ஏர்டாட்ஜ் நேரத்தை ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பழக வேண்டும். டிரீம் லேண்டில் விஸ்பி மரம் ஊதும் காற்று கேரக்டரைத் தள்ளும்; காற்று வீசும் திசையில் வழுக்கினால் எளிது, எதிரில் கடினம். ஃபவுண்டன் ஆஃப் டிரீம்ஸில் பக்கப் பிளாட்ஃபார்ம்கள் ஏறி இறங்கும், அங்கே நிலையாக நிற்கும் மேல் பிளாட்ஃபார்மை நம்புங்கள். ஃபைனல் டெஸ்டினேஷனில் பிளாட்ஃபார்மே இல்லை, மேடை விளிம்பு மட்டும்தான்.

அல்டிமேட்டில்

2018 டிசம்பர் 7 அன்று நிண்டெண்டோ ஸ்விட்சில் வந்த, இதே தொடரின் அல்டிமேட்டிலும் ஓரத்தில் வழுக்கினால் லேண்டிங் லேக் போகும். எல்-கேன்சல் இல்லாததால் முழு லேக்கும் மிச்சமாகிறது, லாபம் இன்னும் பெரிது. பிகாச்சுவின் குயிக் அட்டாக், பலூட்டனாவின் வார்ப், மியூட்டூவின் டெலிபோர்ட் ஆகியவை இதற்குப் பெயர்பெற்றவை. எல்லாக் கேரக்டருக்கும் குதிக்கும் முன்னான குனிவு 3 ஃபிரேம். பெரிய வித்தியாசம் பஃபர்: 9 ஃபிரேம் முன்பு அழுத்தியதையும் ஆட்டம் நினைவில் வைத்திருக்கும். வழுக்கும்போதே அடுத்த அடியை அழுத்திவைத்து, ஓரம் எட்டாமல் லேக் முடிந்துவிட்டால், காற்றடிக்குப் பதில் தரையடி வரும். மெலீயில் பழகியவர்கள் இங்கே விரலைச் சற்று அடக்கித் தாமதமாக அழுத்த வேண்டும்.

பயிற்சி முறை

மெலீக்கு ‘டிரெயினிங் மோட் – கம்யூனிட்டி எடிஷன்’ என்ற மாற்றியமைத்த பதிப்பு இருக்கிறது. அதில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கலாம், லெட்ஜ்டேஷுக்குத் தனிப் பகுதியும் உண்டு. தினமும் 20 நிமிடம் போதும். முதல் வாரம் பேட்டில்ஃபீல்டில் வேவ்லேண்ட் வழுக்கல் மட்டும், ஒவ்வொரு பக்கமும் 30 முறை, அடி எதுவும் வேண்டாம். வழுக்கி விழுந்ததும் இரட்டைக் குதி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். குதி உடனே வந்தால் ஓரம் கிடைத்தது, தரைக் குதி வந்தால் கிடைக்கவில்லை. இதைவிட நேர்மையான சோதனை இல்லை. இரண்டாம் வாரம் பேக் ஏரும் ஃபாஸ்ட் ஃபாலும் சேருங்கள். பத்தில் எட்டு முறை வந்தபின் அடியோடு இறங்கும் கேன்சலுக்கும் லெட்ஜ்டேஷுக்கும் போங்கள். 2020 ஜூனில் ஸ்லிப்பி என்ற ஆன்லைன் மென்பொருளில் ரோல்பேக் (இணையத் தாமதத்தை மறைக்கும் முறை) வந்தபிறகு வீட்டிலிருந்தே ஆன்லைனில் இந்த ஃபிரேம் கணக்குகளோடு ஆட முடிகிறது. ஆனால் ஆன்லைனில் முதலில் முயல வேண்டியது வேவ்லேண்ட் வழுக்கல்தான், அதுவும் எதிராளி தள்ளி நிற்கும்போது. அவர் அருகில் இருக்கையில் முயன்று அடிவாங்கினால், கை தவறியதா, நேரம் தவறியதா என்று உங்களுக்கே தெரியாது.